பாய்த் தீவில் முதுகுக்கு என்ன பெயர்

4 மார்ச்

அன்பு அக்காவுக்குப் பொடியன் எழுதறது.

நான் நல்லா இருக்கேன். அப்பாவும் அவர் அளவுக்கு நல்லா இருக்கார். உன் முட்டி வலி எப்படி இருக்கு? மாமாவுக்கு இருமல் நின்னுச்சா? போன்லயே கேட்டிருப்பேன், ஆனா போன் அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு. யார் கூப்பிட்டாலும் "பெரியவனா?"ன்னு அண்ணனை நினைச்சுக் கையை நீட்டறார். இல்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. அதோட, இது எழுதிக் காட்ட வேண்டிய சமாசாரம்.

எங்க கம்பெனியில புதுசா ஒரு கார்ட்டூன் தொடர் எடுக்கறோம். மூணு தீவு, மூணு ஜனங்க, மூணு பாஷை. பாஷையெல்லாம் புதுசா உண்டாக்கணும், ஆனா ஒரே தாய்க்குப் பிறந்த மாதிரி இருக்கணும்னு எங்க மீசைக்கார முதலாளி சொன்னார். எல்லாரும் முழிச்சாங்க. நான் மட்டும் சிரிச்சேன். நம்மகிட்டதான் ரெடிமேடா இருக்கே! சின்ன வயசுல நம்ம ரூமுக்குள்ள விளையாடின கட்டில் தீவு, மேசைத் தீவு, பாய்த் தீவு. நீ உண்டாக்கின மூத்த பாஷை, அதுலேர்ந்து நாம மூணு பேரும் ஆளுக்கு ஒண்ணா உடைச்சுக்கிட்டது. மீசைகிட்ட ரெண்டு வாக்கியம் பேசிக் காட்டினேன். மனுஷன் மேசையைத் தட்டினார்.

இப்போ உடம்பு வார்த்தைகள் வேணும். முக்கியமா முதுகு. கதையில மூணு ராஜாவும் அவங்கவங்க பாஷையில "முதுகைக் காட்டாதே"ன்னு கத்தற கட்டம் ஒண்ணு இருக்கு. மூத்த பாஷையில முதுகு 'துமல்'தானே? என் மேசைத் தீவுல முதல் மெய்யை முழுங்கி 'உமல்'. அஞ்சு வயசுல எனக்கு நாக்கு அவ்வளவுதான் புரண்டுச்சு. உன்னோடது என்ன? அண்ணனோடது என்ன? அவனைக் கேட்டு எழுது. நான் எழுதினா பதில் போட மாட்டான், உனக்கே தெரியும்.

அப்படியே அப்பாவை ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லு. தினம் காலையில அவருக்கு முதுகு தேய்ச்சுக் குளிப்பாட்டறேன். தேய்க்கும்போதெல்லாம் பெரியவன் பேச்சுதான்.

உடம்பைப் பார்த்துக்க.
பொடியன்


15 மார்ச்

என் தம்பி பொடியனுக்கு அக்கா எழுதிக்கறது.

இங்க எல்லாரும் சுகம். முட்டி அப்படியேதான் இருக்கு. நாள் முழுக்க நின்னு துணி வெட்டறவளுக்கு முட்டி வலிக்காம மூக்கா வலிக்கும்? மாமா இருமல் நின்னு, அதுக்குப் பதிலா குறட்டை ஆரம்பிச்சிருக்கு. உன் சாப்பாடெல்லாம் நேரத்துக்கு நடக்குதா?

அடப்பாவி, அந்தப் பாஷையை வித்துச் சம்பளம் வாங்கறியா! தையல் கடையில படிச்சுட்டுச் சத்தமா சிரிச்சுட்டேன். பக்கத்து மெஷின்காரி என்னன்னு கேட்டா. நான் என்ன சொல்வேன்? என் கட்டில் தீவுல நடுவுல வர்ற 'ம' எல்லாம் 'வ' ஆயிடும், அதனால 'துவல்'. கட்டில் மேல உட்கார்ந்திருக்கறவ ராணி, ராணிக்கு உதடு ஒட்டாமப் பேசினாத்தான் அழகுன்னு நானே சட்டம் போட்டேன்.

பெரியவன் வார்த்தை எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கும் இருக்காது. பாவம், டிப்போவில நாள் முழுக்க பஸ்ஸுக்கு அடியில மல்லாந்து கிடக்கறவன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தான். அவனுக்கு ரெண்டு சட்டை தைக்கறேன், முதுகுப் பக்கம் மட்டும் இரட்டைத் துணி வச்சு. வெயில் இந்தப் போடு போடுது, மெல்லிசா எடுத்துக்கோடான்னா கேட்கவா போறான்?

அப்பா விஷயத்தைச் சமயம் பார்த்துச் சொல்றேன். நீ அவசரப்படாதே.

அக்கா


22 மார்ச்

அக்கா, நலம்தானே? முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கேன், தேய். தேய்க்காம அலமாரியில வைக்காதே.

ஞாபகம் வந்துடுச்சு! அண்ணன் முதுகுக்குச் சொல்றது 'கெராம்'! பல் தேய்க்கும்போது திடீர்னு வந்துச்சு. நுரையோட கத்தினேன், அப்பா பயந்துட்டார்.

ஆனா ஒரு சிக்கல். பாய்த் தீவுச் சட்டம் என்ன? நடு எழுத்தை முழுங்கிட்டு, அதுக்கு முன்னாடி எழுத்தை நீட்டணும். கண்ணுக்கு மூத்த பாஷையில 'விலனி', அண்ணனுக்கு 'வீனி'. அந்தக் கணக்குல 'துமல்' என்ன ஆகணும்? 'தூல்'. எப்படிப் புரட்டினாலும் அது 'கெராம்' ஆகாது. அப்போ வேற ஏதோ வார்த்தையிலேர்ந்து வந்திருக்கணும். ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். மூத்த பாஷையில கதவுக்கு நீ வச்ச பேர் 'கெரவம்'. 'வ'வை முழுங்கு, 'ர'வை நீட்டு. கெராம்!

அதாவது பாய்த் தீவுக்காரங்க முதுகைக் கதவுன்னு சொல்றாங்க. உலகத்துல எவனாவது முதுகைக் கதவுன்னு சொல்வானா? நம்ம ரூமுக்குத்தான் கதவே கிடையாதே, பழைய பெட்ஷீட்டைத்தான் திரையா மாட்டியிருந்துச்சு. அதான் அண்ணனுக்குக் கதவு மேல அவ்வளவு ஆசை போல.

மீசை 'ஏன்'னு கேட்காம விடமாட்டார். அதனால நானே ஒரு கதை கட்டிட்டேன். பாய்த் தீவுல எப்பவும் பேய்க்காத்து. வீட்டுக் கதவெல்லாம் பறந்து போயிடும்னு ஜனங்க அதைக் கழட்டி முதுகுல கட்டிக்கிட்டே திரியறாங்க. நாளாக நாளாக முதுகுக்கே கதவுன்னு பேராயிடுச்சு. எப்படி?

டாக்டர் அப்பாவோட இதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்குன்னு சொல்றார். அண்ணன்கிட்ட சொன்னியா?

பொடியன்


19 ஏப்ரல்

பொடியனுக்கு,

பதில் போட நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. தைலம் வந்துச்சு, தேய்க்கறேன். அப்பாவுக்கு மாத்திரை வேளைக்குக் கொடு. நீயும் கொஞ்சம் தூங்கு.

ஒண்ணு சொல்றேன், கேளு. அந்தக் கதவு சமாசாரத்தை விட்டுடு. 'தூல்'னே போட்டுக்கோ, சட்டப்படி அதுதானே சரி? உங்க மீசைக்கு எது தெரியப் போகுது? சின்ன வயசுல பேசினதையெல்லாம் இவ்வளவு நோண்ட வேண்டாம்.

பெரியவன்கிட்ட அப்பாவைப் பத்திச் சொன்னேன். கேட்டுக்கிட்டான்.

அக்கா


27 ஏப்ரல்

அன்பு அக்காவுக்கு,

இங்க சுகம், அங்கயும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன்.

உன் கடிதம் தலையும் புரியலை, வாலும் புரியலை. விட்டுடுன்னா எப்படி? மீசை கதவுக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். படம் போடறவங்க உட்கார்ந்து வரைஞ்சும் முடிச்சுட்டாங்க. ஒரு பிரதி இதோட வச்சிருக்கேன், பாரு. வரிசையா குண்டு குண்டு ஆளுங்க, முதுகுல கதவு. ஒருத்தன் கதவுல தாழ்ப்பாள் கூட இருக்கு. பின்னாலேர்ந்து இன்னொருத்தன் டொக் டொக்னு தட்டறான், இவன் "யாரது?"ங்கறான். ஆபீஸே இப்போ ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டி "கெராம், கெராம்"னு விளையாடறாங்க.

அண்ணன்கிட்ட காட்டு. அவன் வார்த்தை டிவியில வரப்போகுது! அந்த உம்மணாமூஞ்சி ஒரு தடவையாவது சிரிக்கட்டும்.

"கேட்டுக்கிட்டான்"னா என்ன அர்த்தம்? வர்றானா இல்லையா?

பொடியன்


2 ஜூன்

தம்பிக்கு,

சுகம். அங்கேயும் சுகமா இருக்கணும்.

உன் படத்தை நான் ஒளிச்சுத்தான் வச்சிருந்தேன். மாமா விஷயம் தெரியாம எடுத்துக் காட்டிட்டார். பெரியவன் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "இந்த வார்த்தைக்கு இதுதான் அர்த்தம்னு எழுதியிருக்கானா?"ன்னு கேட்டான். தட்டை அப்படியே வச்சுட்டுக் கை கழுவிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் எந்த ஞாயித்துக்கிழமையும் வரலை. சட்டை ரெண்டும் தைச்சு மடிச்சபடி இங்கேயே கிடக்கு.

என்னன்னு கேட்காதே.

அக்கா


9 ஜூன்

அக்காவுக்கு,

சுகமான்னு கேட்கற மனநிலையில நான் இல்லை.

ஒரு கார்ட்டூன் படத்துக்கு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறவனுக்கு, பெத்த அப்பன் படுக்கையில கிடக்கறது மட்டும் உறைக்கலையா? கல்நெஞ்சுக்காரன். நீயும் அவனை இடுப்புல வச்சுத் தாலாட்டிக்கிட்டே இருக்கே. பதினாறு வயசுல ஒரு பையைத் தூக்கிக்கிட்டுப் போனவன், ஒரு தடவை திரும்பிப் பார்த்தானா? அம்மா செத்தப்போ வந்தான், வாசல்லயே நின்னான், அப்படியே போயிட்டான். எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தது அப்பா. பரீட்சைக்கு என்னோட உட்கார்ந்து படிச்சது அப்பா. அப்படிப்பட்ட மனுஷன் இப்போ தினம் வாசலைப் பார்த்துப் படுத்திருக்கார். நேத்து அழுதார்க்கா.

அவன்கிட்ட சொல்லிடு. இப்போ வரலைன்னா, அப்பா போன பிறகும் வரக் கூடாது. நான் உள்ளே விடமாட்டேன். அதுக்கப்புறம் எனக்கு அண்ணன்னு யாரும் இல்லை.

பொடியன்


14 ஜூன்

என் தம்பிக்கு,

உன் கடிதம் மத்தியானம் வந்துச்சு. கடையில லீவு சொல்லிட்டு வந்து எழுதறேன். இதைச் சொல்லக் கூடாதுன்னு பெரியவன் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். பொடியனுக்காவது ஒரு ஒழுங்கான அப்பா இருக்கட்டும்கறது அவன் எண்ணம். ஆனா, எனக்கு அண்ணன் இல்லைன்னு நீ எழுதின பிறகும் அந்தச் சத்தியத்தைக் கட்டிக்கிட்டு அழ எனக்குத் தெம்பில்லை.

அப்பாவோட ஆலை மூடின ரெண்டு வருஷம் உனக்கு ஞாபகம் இருக்காது. அம்மா சாயங்கால ஷிஃப்டுக்குப் போயிடுவா. அப்பா வீட்டுல இருப்பார். எதுக்குக் கோபம் வரும்னு சொல்ல முடியாது. டம்ளர் உருண்டா வரும், நீ சிரிச்சா வரும். நாம ரூமுக்குள்ள ஓடிக் கதவைத் தாழ் போட்டுக்குவோம். ஒரு நாள் கதவையே உதைச்சுப் பேர்த்துட்டார். அதைத் திரும்ப மாட்டலை. அம்மா பெட்ஷீட்டைக் கட்டினா. நீ எழுதினியே, கதவு மேல ஆசைன்னு.

அதுக்கப்புறம் அப்பா பெல்ட்டை உருவற சத்தம் கேட்டா, பெரியவன் பாயை இழுத்து ரூம் வாசல்ல போட்டு உட்கார்ந்துக்குவான். பாய்த் தீவு அப்படித்தான் அங்க வந்துச்சு. முகம் நம்ம பக்கம், முதுகு அப்பா பக்கம். ரெண்டு காலையும் கதவு நிலையோட ரெண்டு பக்கமும் ஊன்றிக்குவான். பத்து வயசுப் பையன்டா. உன்னை மேசைக்கு அடியில தள்ளிட்டு, "அங்கேயே இரு, உன் தீவுல எத்தனை மரம் இருக்குன்னு சொல்லு"ன்னு அவன் பாஷையில கேட்டுக்கிட்டே இருப்பான். குரல் ஆடும், ஆனா நிறுத்த மாட்டான். நீயும் அது விளையாட்டுன்னு நினைச்சுச் சொல்லிக்கிட்டே இருப்பே. அவனைத் தாண்டி அப்பா ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. நான் கட்டில்ல உட்கார்ந்து காதைப் பொத்திக்குவேன். ராணி!

ஆலை திரும்பத் திறந்ததும் அப்பா மாறிட்டார். நிஜமாவே மாறிட்டார். உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சார். பெரியவன் முகத்தை மட்டும் அவரால பார்க்க முடியலை. ஒரே வீட்டுல அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம எத்தனை நாள் இருப்பாங்க? அதான் போனான். ஓடிப் போகலை.

இன்னைக்கும் வேர்த்தா மெல்லிசுத் துணியில தழும்பு தெரியும். அதுக்குத்தான் இரட்டைத் துணி.

அந்த வார்த்தை எப்படி வந்துச்சுன்னுதானே கேட்டே? ஒரு நாள் காலையில அம்மா அவன் முதுகுல மருந்து தடவிக்கிட்டிருந்தா. நீ மெல்ல நடந்து வந்து பாய் மேல நின்னே. பாய்க்கு வந்தா பாய் பாஷைதான் பேசணும்னு சட்டம் இருந்துச்சே, அதனால கொஞ்சம் யோசிச்சே. அப்புறம் உன் சின்னக் கையை அவன் முதுகுல வச்சு, "கெராம்"னே. அம்மா எழுந்து வெளியே போயிட்டா. பெரியவன் வலியோட சிரிச்சான். அன்னையிலேர்ந்து அவன் தீவுல முதுகுக்கு அதுதான் பேர்.

அவன் வச்ச பேர் இல்லைடா அது. நீ வச்சது.

அக்கா


20 ஜூலை

அண்ணா,

நல்லா இருக்கியா? இந்த ஒரு வரியை எழுதவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

அக்கா சொல்லிட்டா. அவளைத் திட்டாதே. நான்தான் அவளை அந்த நிலைமைக்குக் கொண்டு வந்தேன்.

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைண்ணா. மேசைக்கு அடியில உட்கார்ந்து மரம் எண்ணினது மட்டும் ஞாபகம் இருக்கு. நம்ம வீட்டுலயே சந்தோஷமான நேரம் அதுதான்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். ஆபீஸ்ல இருக்கறவங்ககிட்ட கூட பெருமையா சொல்லியிருக்கேன்.

அப்பாவைக் குளிப்பாட்டும்போது கேட்டேன். "நம்ம பழைய வீட்டு ரூம் கதவு என்னப்பா ஆச்சு?" "கரையான்"னார். என் கை நின்னுடுச்சு. சோப்பு அவர் முதுகுலயே காய்ஞ்சுது. தண்ணி ஊத்தித் துடைச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன். சாயங்காலம் டீ கொடுக்கறப்போ அவரே சொன்னார், "அவன் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான். திரும்பியிருந்தான்னா நான் நிறுத்தியிருப்பேன்." அதைச் சொல்லிட்டு அழுதார். எனக்குப் பாவமா இருந்துச்சு, கோபமாவும் இருந்துச்சு. டம்ளரை வாங்கிக்கிட்டு வெளியே வந்துட்டேன். இப்பல்லாம் குளிப்பாட்டறேன், சோறு ஊட்டறேன். முதுகு மட்டும் தேய்க்க முடியலை. கை போகமாட்டேங்குது.

அந்த வார்த்தையைத் தொடர்லேர்ந்து எடுக்கச் சொல்லிட்டேன். வரைஞ்சாச்சு, முடியாதுன்னார் மீசை. அப்போ மூணு பாஷையையும் தரமாட்டேன்னேன். ஒரே ரகளை. கடைசியில எடுத்துட்டாங்க. இப்போ என்னை வாயசைப்புச் சரி பார்க்கற மேசையில உட்கார வச்சிருக்காங்க. பரவாயில்லை. ஆபீஸ்ல எவனோ விளையாட்டா முதுகைத் தட்டி அந்த வார்த்தையைச் சொன்னான், அடிக்கவே போயிட்டேன்.

அப்பாவைப் பார்க்க வான்னு இனிமே கேட்கமாட்டேன். உள்ளே விடமாட்டேன்னு எழுதினேனே, உன்னைப் பார்த்தா அப்படி எழுதினேன்! வலிச்சுதாண்ணா ரொம்ப?

பொடியன்


3 ஆகஸ்ட்

பொடியா,

சௌக்கியம். எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். அக்காமேல ரெண்டு நாள் கோபமா இருந்தேன். போன ஞாயிறு போய்ச் சாப்பிட்டேன். சட்டையையும் எடுத்துக்கிட்டேன்.

கேட்டியே, வலிச்சுது. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா நீ மரம் எண்ணுவே பாரு, பதினஞ்சுக்கு அப்புறம் உனக்குத் தெரியாது, திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்பே. எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்கறப்போ அவ்வளவா தெரியாது.

திரும்பியிருந்தா நிறுத்தியிருப்பேன்னு அவர் சொன்னாராமே. திரும்பினா நீ என் முதுகைப் பார்த்திருப்பே. அதான் திரும்பலை.

நான் அவரைப் பார்க்க வரமாட்டேன். இது கோபம் இல்லை. என்னால ஆகலை, அவ்வளவுதான். நீ அவருக்கு முதுகு தேய்ச்சு விடு. படுத்தே கிடக்கறவங்களுக்குத் தேய்க்கலைன்னா புண்ணாயிடும், டிப்போவில ஒருத்தருக்கு அப்படி ஆச்சு. என் கணக்கை அதுல சேர்க்காதே. உனக்கு அவர் நல்ல அப்பாவாத்தானே இருந்தார்? அது நிஜம்தான். அதுக்காகத் தேய்.

லீவு கிடைச்சா நீ இங்க வா. ஒரு நாள் இரு.

அந்த வார்த்தையை எதுக்குடா எடுத்தே? நல்ல வார்த்தை. நீ வச்சது. எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கலை. திரும்பச் சேர்க்கச் சொல்லு, ஆனா படத்தைச் சரியா போடச் சொல்லு. கதவை யாரும் முதுகுல சுமக்கலை. அவன் வாசல்ல உட்கார்ந்திருக்கான், முகம் உள் பக்கம். உள்ளே ஒரு மேசை போடச் சொல்லு. மேசைக்கு அடியில ஒரு பொடியன் விளையாடிக்கிட்டு இருக்கணும். அவனுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. சிரிச்ச முகமா வரையச் சொல்லு. நீ அப்படித்தான் இருந்தே.

அண்ணன்